மூன்று மைல் தாண்டி நின்ற கப்பல்

1981-இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா கரைக்கு எதிரே ஒரு பழைய எண்ணெய்க் கப்பல் புது வேலையைத் தொடங்கியது. கப்பல் என்று சொல்கிறேனே தவிர, அது எங்கேயும் போகவில்லை. கடலடியோடு சேர்த்து நிரந்தரமாகக் கட்டிப்போட்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த ஹோண்டோ என்ற எண்ணெய் மேடையிலிருந்து கச்சா எண்ணெய் இதற்கு வரும். இதிலேயே தண்ணீரையும் வாயுவையும் பிரித்து, சுத்தம் பண்ணி, சேர்த்து வைத்து, வேறு கப்பலில் ஏற்றி அனுப்புவார்கள். ஒரு சின்னச் சுத்திகரிப்பு ஆலையைத் தூக்கிக் கடலில் வைத்த மாதிரி. உரிமையாளர் எக்ஸான்.

கரையிலிருந்து அது நின்ற தூரம் சுமார் 3.2 மைல். இந்தக் கட்டுரையே அந்த 0.2 பற்றியதுதான்.

1953-இல் அமெரிக்க நாடாளுமன்றம் போட்ட சட்டப்படி, கரையிலிருந்து 3 கடல் மைல் வரை கடலடி மாநிலத்துக்குச் சொந்தம். (டெக்சாஸுக்கும், ஃபுளோரிடாவின் மெக்சிகோ வளைகுடாப் பக்கத்துக்கும் மட்டும் 9 கடல் மைல். அது தனி வரலாறு, இப்போது வேண்டாம்.) அதைத் தாண்டினால் மத்திய அரசின் சொத்து. அதைக் குத்தகைக்கு விடுவதும் மேற்பார்வை பார்ப்பதும் இன்டீரியர் துறை. தமிழில் உள்துறை என்று எழுதினால் போலீஸ் ஞாபகம் வரும். இது அது இல்லை. நிலம், சுரங்கம், தேசியப் பூங்கா, எண்ணெய்க் குத்தகை எல்லாம் பார்க்கிற துறை. அதனால் இன்டீரியர் என்றே எழுதுகிறேன்.

எக்ஸானுக்கு முதலில் கரையிலேயே ஆலை கட்டத்தான் ஆசை. ஆனால் கலிஃபோர்னியாவின் கடற்கரை ஆணையம் எண்ணெயைக் கப்பலில் ஏற்றுவது பற்றி நிபந்தனைகள் போட்டது. கம்பெனிக்கு அது பிடிக்கவில்லை. சரி, கரையே வேண்டாம் என்று முடிவு பண்ணி, கோட்டுக்குச் சற்று வெளியே கப்பலைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். சட்டப்படி சரியான காரியம்தான். மாநிலத்தின் விதி அங்கே செல்லாது, கவுன்ட்டியின் விதியும் செல்லாது.

ஆனால் காற்றுக்கு இந்தக் கோடு எதுவும் தெரியாதே.

கடலில் எண்ணெய் எடுப்பதில் புகை எங்கிருந்து வருகிறது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். எண்ணெய்க் கசிவு என்றால் எல்லோருக்கும் உடனே படம் ஓடும், கறுப்புத் தண்ணீர், நனைந்த பறவை என்று. 1969 ஜனவரி 28 அன்று இதே சாண்டா பார்பரா கால்வாயில் யூனியன் ஆயில் கம்பெனியின் மேடையில் கிணறு வெடித்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் சட்டங்கள் பிறந்த கதையை எங்கே படித்தாலும் அந்தக் கசிவு வந்து நிற்கும். புகை அப்படிப் படமாக வராது. கடல் நடுவில் மின்சாரக் கம்பி இல்லை. எல்லாமே சொந்த ஜெனரேட்டர், சொந்த டர்பைன். வாயுவை அழுத்த கம்ப்ரஸர். வேண்டாத வாயுவை எரிக்கும் கொழுந்து. ஆட்களையும் சாமான்களையும் ஏற்றி வரும் படகுகள். இதிலிருந்து வருவது பெரும்பாலும் நைட்ரஜன் ஆக்சைடுகள். எண்ணெயைக் கப்பலில் நிரப்பும்போது தொட்டிக்குள் இருந்த ஆவி வெளியே தள்ளப்படும். அது ஹைட்ரோகார்பன். இரண்டும் வெயிலில் சேர்ந்தால் ஓசோன். மேலே இருக்கும் நல்ல ஓசோன் இல்லை, மூச்சைப் பிடிக்கிற தரைமட்ட ஓசோன்.

சாண்டா பார்பராவின் அமைப்பும் இதற்குத் தோதானது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலைத்தொடர், மேலே பல நாட்களில் வெப்பக்காற்று ஒரு மூடி மாதிரி உட்கார்ந்திருக்கும். பகலில் கடற்காற்று உள்ளே தள்ளும். போக வழி இல்லை. கரையில் ஒருவர் சின்னத் தொழிற்சாலை தொடங்க வேண்டுமென்றால், தான் விடப்போகும் புகைக்கு ஈடாக வேறு எங்கேயாவது புகையைக் குறைத்துக் காட்ட வேண்டும். கோட்டுக்கு வெளியே நின்ற கப்பலுக்கு அந்தக் கவலை கிடையாது. கரையில் இருப்பவர்கள் கொதித்ததில் என்ன ஆச்சரியம்?

மத்தியச் சுற்றுச்சூழல் முகமை, அதாவது இ.பி.ஏ., இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1970-இன் தூய காற்றுச் சட்டம் இந்தக் கப்பலுக்கும் பொருந்தும், எங்களிடம் அனுமதி வாங்கு என்றது. எக்ஸான் நீதிமன்றம் போனது. ‘கலிஃபோர்னியா எதிர் கிளெப்பி’ என்ற பெயரில் 1979-இல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: வெளிக்கடல் மேடைகளின் புகையை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் இ.பி.ஏ.வுக்கு இல்லை, இன்டீரியருக்கே உண்டு. காரணம், அதற்கு முந்தைய ஆண்டுதான் நாடாளுமன்றம் வெளிக்கடல் நிலச் சட்டத்தைத் திருத்தி, கரையின் காற்றுத் தரம் கெடாமல் விதி போடும் வேலையை இன்டீரியரிடம் கொடுத்திருந்தது.

அதாவது குத்தகைக்கு விட்டுப் பணம் வாங்குகிற துறையே புகையையும் பார்த்துக்கொள்ளும். வீட்டு ஓனரே வாடகைக்காரரின் அடுப்புப் புகையை அளக்கிற மாதிரி. வாடகை ஒழுங்காக வருகிறது என்றால் புகை கண்ணை எரிக்குமா என்ன?

1980-இல் இன்டீரியர் விதி வந்தது. அதில் ஒரு சூத்திரம் இருக்கிறது. மேடை கரையிலிருந்து எத்தனை மைல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதை 33.3-ஆல் பெருக்குங்கள். வருகிற எண்தான் டன் கணக்கில் ஆண்டுக்கு நீங்கள் விடலாம் என்று விலக்கு அளிக்கப்பட்ட அளவு. நைட்ரஜன் ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு, துகள், ஹைட்ரோகார்பன் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு, தனித்தனியாக. 3 மைலில் 100 டன். 10 மைலில் 333 டன். 30 மைலில் 999 டன். இதற்குள் இருந்தால் மேற்கொண்டு ஆய்வே வேண்டாம். இதைத் தாண்டினால்தான் கரையில் எவ்வளவு பாதிப்பு என்று கணினி மாதிரியில் போட்டுப் பார்க்க வேண்டும்.

தூரம் போகப் போகப் புகை நீர்த்துப்போகும் என்பது உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கணக்கு ஒவ்வொரு மேடைக்கும் தனித்தனி. 10 மைலில் பத்து மேடை வரிசையாக நின்று ஆளுக்கு 330 டன் விட்டாலும் பத்துமே விலக்குக்குள். கரைக்கு வருவது 3,300 டன்னிலிருந்து பிறந்த ஓசோன். அந்த ஓசோனைக் குறைக்கிற சுமை முழுக்க கரையில் இருக்கும் கார்காரர் மீதும், பெயின்ட் கடைக்காரர் மீதும், தொழிற்சாலை மீதும் விழும். எண்பதுகள் முழுக்க கலிஃபோர்னியா போட்ட சண்டை இதுதான். போதாக்குறைக்கு ரீகன் ஆட்சியின் இன்டீரியர் செயலர் ஜேம்ஸ் வாட் கிட்டத்தட்ட முழு வெளிக்கடலையும் குத்தகைக்குத் திறக்கும் திட்டத்தோடு வந்து நின்றார்.

முடிவு 1990 நவம்பர் 15-இல் வந்தது. அன்றுதான் ஜார்ஜ் புஷ், அதாவது அப்பா புஷ், தூய காற்றுச் சட்டத் திருத்தங்களில் கையெழுத்திட்டார். அமில மழை பற்றிய பெரிய அத்தியாயங்களுக்கு நடுவே 328 என்று ஒரு சின்னப் பிரிவு. பசிபிக், அட்லாண்டிக், ஆர்க்டிக் கடல்கள், ஃபுளோரிடாவை ஒட்டிய வளைகுடாப் பகுதி ஆகியவற்றில் காற்று அதிகாரத்தை இன்டீரியரிடமிருந்து எடுத்து இ.பி.ஏ.விடம் கொடுத்தது. அதோடு, மாநில எல்லைக்கோட்டிலிருந்து 25 மைல் வரை நிற்கும் எதுவாக இருந்தாலும், அது எதிரே இருக்கும் கரையிலேயே நிற்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். கரையில் தொழிற்சாலைக்கு என்ன விதியோ அதே விதி. ஈட்டுப் புகைக் கணக்கும் உண்டு, கட்டணமும் உண்டு. 1992 செப்டம்பரில் இதற்கான விரிவான விதிகள் வந்தன. சாண்டா பார்பராவில் இந்த அதிகாரத்தை இ.பி.ஏ. கவுன்ட்டியின் காற்று மாசுக் கட்டுப்பாட்டு மாவட்டத்திடமே ஒப்படைத்துவிட்டது. 0.2 மைல் தள்ளி நின்று கவுன்ட்டிக்குத் தண்ணி காட்டிய காலம் முடிந்தது.

அந்தக் கப்பல் 1994-இல் போய்விட்டது. 328-ஆம் பிரிவு மட்டுமே காரணம் என்று சொன்னால் தப்பு. எண்பதுகளிலேயே எக்ஸான் தன் உற்பத்தியைப் பெருக்க கவுன்ட்டியோடு பேச்சுவார்த்தைக்கு வந்து, லாஸ் ஃபுளோரஸ் பள்ளத்தாக்கில் கரை ஆலை கட்ட ஒத்துக்கொண்டிருந்தது. மேடைகளுக்கான மின்சாரமும் கரையிலிருந்து கடலடிக் கேபிள் வழியாகப் போனது.

இந்தச் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை விட்டார்கள். 87 பாகை 30 நிமிடத் தீர்க்கரேகைக்கு மேற்கே, அதாவது லூசியானா, டெக்சாஸ் முன்னால் இருக்கும் மெக்சிகோ வளைகுடாவில், பழையபடி இன்டீரியரே. அமெரிக்காவின் கடல் எண்ணெயில் மிகப் பெரும்பகுதி வருவதே அங்கேதான்! மூன்று ஆண்டுக்குள் ஆராய்ந்து சொல் என்று இன்டீரியருக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்ததோடு சரி. 2016-இல் விதியை மாற்ற ஒரு வரைவு வந்தது. 2020 ஜூனில் இறுதி விதி வந்தபோது அந்தச் சூத்திரத்தில் யாரும் கை வைக்கவில்லை. 33.3 இன்னும் உயிரோடு இருக்கிறது.

இனி வடக்கே போவோம். 328-ஆம் பிரிவு உண்மையில் பல்லைக் காட்டியதும், அந்தப் பல் பிடுங்கப்பட்டதும் ஆர்க்டிக்கில்தான்.

ஷெல் கம்பெனி 2005-லிருந்து அலாஸ்காவின் வடக்கே பியூஃபோர்ட் கடலில் குத்தகை எடுத்தது. 2008 பிப்ரவரியில் சுக்சி கடலில் நடந்த ஏலத்தில் மட்டும் சுமார் 210 கோடி டாலர் கொட்டியது. துளையிட இரண்டு கலங்கள். ஒன்று குல்லுக், உருண்டையான மிதவை. இன்னொன்று டிஸ்கவரர், 1960களில் மரக்கட்டை ஏற்றுவதற்காகக் கட்டி, 1976-இல் துளையிடும் கப்பலாக மாற்றப்பட்டது. வயதான இயந்திரங்கள். கூடவே பனியுடைக்கும் கப்பல்கள், எண்ணெய்க் கசிவுக்குத் தயாராக நிற்கும் கப்பல்கள், சாமான் கப்பல்கள் என்று ஒரு படை. புகையில் பெரும்பகுதி துளையிடும் கப்பலிலிருந்து வருவதில்லை, இந்தப் படையிலிருந்து வருவது. பனியை உடைக்க எவ்வளவு குதிரைசக்தி வேண்டும் என்று யோசித்தால் புரியும்.

நாடாளுமன்றம் 1990-லேயே இதை யோசித்திருந்தது. துணைக்கப்பல்கள் துளையிடும் இடத்திலும், அங்கிருந்து 25 மைலுக்குள் போகும்போதும் வரும்போதும் விடும் புகையை அந்த இடத்தின் புகையாகவே சேர்த்து எண்ண வேண்டும். சரி. ஆனால் அந்த ‘இடம்’ எப்போது இடமாகிறது? துளையிடும் கப்பல் பயணம் போகும்போது கப்பல். வந்து நின்று கடலடியோடு இணைந்துகொண்டால்தான் சட்டப்படி அது புகை மூலம். அனுமதியின் மணிக்கணக்கும் நாள்கணக்கும் அந்த நொடியிலிருந்துதான் ஓடும்.

டிஸ்கவரரை நிறுத்துவது பல நங்கூரங்களால். அவற்றை ஒவ்வொன்றாக இறக்கி இறுக்க நேரம் ஆகும், அத்தனை நேரமும் துணைக்கப்பல்கள் சுற்றிச் சுற்றி வேலை செய்துகொண்டிருக்கும். முதல் நங்கூரம் விழுந்ததும் இடமா, கடைசி நங்கூரம் இறுகிய பிறகு இடமா? 2010-இல் இ.பி.ஏ. கொடுத்த அனுமதி சொன்ன பதில்: கப்பல் உறுதியாக நின்றுவிட்டது, துளையிடத் தயார் என்று ஷெல்லின் பிரதிநிதி எப்போது அறிவிக்கிறாரோ அப்போது. மீட்டர் எப்போது ஓட வேண்டும் என்பதை ஆட்டோக்காரரே சொல்லலாம் என்ற மாதிரி. இங்கே தலைகீழ், ஓடாமல் இருந்தால் அவருக்கு லாபம்.

வடக்குக் கரையில் வாழும் இன்யூபியாட் மக்களின் அமைப்புகளும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் இதை எதிர்த்து இ.பி.ஏ.வுக்குள்ளேயே இருக்கும் சுற்றுச்சூழல் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போனார்கள். பெயர்தான் வாரியம், கிட்டத்தட்ட நீதிமன்றம். அந்த மக்கள் வெறும் கரையோர ஊரில் உட்கார்ந்திருப்பவர்கள் இல்லை. திமிங்கிலம் பிடிக்கவும் கடல்நாய் வேட்டைக்கும் திறந்த படகில் கடலுக்குள் போகிறவர்கள். கரையில் புகை எவ்வளவு என்று அளப்பது அவர்களுக்குப் பாதிக் கணக்குதான்.

இன்னொரு விஷயமும் இருந்தது, எனக்கு இந்த முழுக் கதையிலும் மறக்க முடியாதது இதுதான். நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு அதுவரை இருந்தது ஆண்டுச் சராசரி வரம்பு மட்டும். கொஞ்ச நேரம் கடுமையாகச் சுவாசித்தாலே மூச்சுக் கோளாறு வரலாம், ஆண்டுச் சராசரி போதாது என்று இ.பி.ஏ.வே முடிவு செய்து, 2010-இன் தொடக்கத்தில் ஒரு மணி நேர வரம்பு ஒன்றை அறிவித்தது. நூறு கோடியில் 100 பங்கு. அது நடைமுறைக்கு வரும் நாள் ஏப்ரல் 12. ஷெல்லின் சுக்சி அனுமதி வெளியான நாள் மார்ச் 31. பியூஃபோர்ட் அனுமதி வெளியான நாள் ஏப்ரல் 9. மூன்றே நாள் இடைவெளி! அனுமதியோடு சேர்ந்த ஆய்வில், பூர்வகுடிகளுக்குக் கூடுதல் பாதிப்பு இருக்குமா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதியிருந்தார்கள். எதை வைத்து? அந்தப் பழைய ஆண்டு வரம்பை வைத்து.

2010 டிசம்பர் 30-இல் வாரியம் இரண்டு அனுமதிகளையும் திருப்பி அனுப்பியது. போதாது என்று நீங்களே அறிவித்த அளவுகோலை வைத்தே பாதிப்பு இல்லை என்று எப்படிச் சொன்னீர்கள்? கப்பல் இடமாகும் நொடியைக் கம்பெனி கையில் எப்படிக் கொடுத்தீர்கள்? சாரம் இவ்வளவுதான். 2011 பிப்ரவரியில் ஷெல் அந்த ஆண்டு துளையிடுவதைக் கைவிட்டது, காற்று அனுமதியைக் காரணம் காட்டி. 2011 செப்டம்பரில் இ.பி.ஏ. திருத்திய அனுமதிகளைக் கொடுத்தபோது விடை வேறாக இருந்தது. ஒரே ஒரு நங்கூரம் கடலடியைப் பிடித்தாலும் அது இடம்தான். அதோடு கந்தகம் மிகக் குறைந்த டீசல், புகைக்குழாயில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் கருவி, ஒரு மணி நேர வரம்பு எல்லாம் உள்ளே வந்தன. மறு அனுமதியால் கிணறு நிற்கவில்லை, தள்ளித்தான் போனது. ஆனால் காகிதத்தில் புகை நிஜமாகவே குறைந்தது. மேல்முறையீடு என்றாலே இழுத்தடிப்பு என்று சொல்கிறவர்களுக்கு இந்த இரண்டு அனுமதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

வாஷிங்டனில் அப்படிப் பார்க்கவில்லை. ஐந்து ஆண்டாக ஒரு காற்று அனுமதியா என்று கத்தினார்கள். 2011 டிசம்பர் 23-இல் கையெழுத்தான பட்ஜெட் ஒதுக்கீட்டுச் சட்டத்துக்குள் ஒரு பிரிவு நுழைந்திருந்தது. முன்னெடுத்தவர் அலாஸ்காவின் செனட்டர் லீசா மர்கவ்ஸ்கி. அலாஸ்காவின் வடக்குக் கரையை ஒட்டிய கடலில் காற்று அதிகாரம் இ.பி.ஏ.விடமிருந்து இன்டீரியருக்குத் திரும்பும். 1990-இல் எடுத்ததை 21 ஆண்டு கழித்து, பட்ஜெட் கட்டுக்குள் சொருகித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பெரிய விவாதமெல்லாம் கிடையாது. ஷெல்லிடம் ஏற்கெனவே இருந்த இ.பி.ஏ. அனுமதிகள் மட்டும் அப்படியே நின்றன.

அந்த அனுமதிகளோடு 2012 கோடையில் ஷெல் வடக்கே போனது. போகும் முன்பே இ.பி.ஏ.விடம் வந்து, டிஸ்கவரரின் ஜெனரேட்டர்களால் அனுமதியில் சொன்ன வரம்பைப் பிடிக்க முடியவில்லை, தளர்த்துங்கள் என்று கேட்டது. துளையிட்டது இரண்டு மாதம்போல. அதற்குள் நடந்த அனுமதி மீறல்களுக்காக 2013 செப்டம்பரில் கட்டிய அபராதம் டிஸ்கவரருக்கு 7,10,000 டாலர், குல்லுக்குக்கு 3,90,000 டாலர். மொத்தம் 11 லட்சம். 210 கோடிக்குக் குத்தகை எடுத்தவர்களுக்கு இது டீக்காசு.

2012 டிசம்பர் 26-இல் ஒன்பதாவது வட்ட நீதிமன்றம் டிஸ்கவரரின் அனுமதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஐந்து நாள் கழித்து, டிசம்பர் 31 இரவு, தெற்கே இழுத்துச் செல்லப்பட்ட குல்லுக் புயலில் கயிறு அறுந்து கோடியாக் அருகே சிட்கலிடாக் தீவில் தரைதட்டியது. அதற்கும் காற்று அனுமதிக்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனால் செய்திகளில் அதற்கப்புறம் புகையைப் பற்றி யார் பேசுவார்கள்? உடைந்த கலம் போட்டோவில் வரும், நைட்ரஜன் டை ஆக்சைடு வராது. 2015-இல் ஷெல் மறுபடி சுக்சிக்குப் போனது, இந்த முறை காற்றுக் கணக்கெல்லாம் இன்டீரியரின் விதிப்படி. ஒரு கிணறு தோண்டி, எதிர்பார்த்தது கிடைக்காமல் செப்டம்பரில் மூட்டை கட்டியது.

இதே 328-ஆம் பிரிவு கிழக்குக் கரையில் என்ன பண்ணிக்கொண்டிருந்தது என்பது வேறு கூத்து. அந்தப் பிரிவின் மொழி எண்ணெய் என்று மட்டும் சொல்லவில்லை. காற்றாலையும் அதற்குள் வந்துவிட்டது. நான்டக்கெட் ஒலிக்கடலில் 130 காற்றாலைகள் நட நினைத்த கேப் விண்டு திட்டத்துக்கு 2011 ஜனவரியில் இ.பி.ஏ. காற்று மாசு அனுமதி கொடுத்தது. காற்றாலைக்குக் காற்று மாசு அனுமதியா என்று சிரிக்கத் தோன்றும். சுற்றும்போது புகை கிடையாது. ஆனால் நடும்போது உண்டு. கடலடியில் இரும்புத் தூணை அடித்து இறக்கவும், மேலே விசிறியைத் தூக்கி மாட்டவும் வரும் கப்பல்கள் டீசல் குடிப்பவை. அவற்றில் பல, நான்கைந்து நீளக் கால்களைக் கடலடியில் ஊன்றி, உடம்பைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்பவை. கால் ஊன்றினால் இடம், தூக்கினால் மறுபடி கப்பல். டிஸ்கவரரின் நங்கூரச் சண்டை இங்கே கால் சண்டையாக வந்து உட்கார்ந்துகொண்டது. மாசசூசெட்ஸ் எதிரே 62 காற்றாலை, 806 மெகாவாட் என்று வந்த வினியார்ட் விண்டு 2021 மே மாதம் இந்த அனுமதியை வாங்கித்தான் வேலை தொடங்கியது.

புகை புகைதான், யார் விட்டால் என்ன, அந்த வகையில் இது சரி என்றே நினைக்கிறேன். சங்கடம் வேறு இடத்தில். ஒரே நாட்டில், லூசியானாவுக்கு எதிரே பத்தாண்டுகள் எரியும் எண்ணெய் மேடைக்கு 33.3 சூத்திரம். நியூ ஜெர்சிக்கு எதிரே ஓரிரண்டு ஆண்டு கட்டுமானம் நடக்கும் காற்றாலைக்குக் கரைத் தொழிற்சாலையின் முழு விதி. யாரும் திட்டமிட்டு இப்படிச் செய்யவில்லை. 1990-இல் ஒரு தீர்க்கரேகையைப் போட்டு டெக்சாஸையும் லூசியானாவையும் சமாதானப்படுத்தியதன் விளைவு.

அந்த விளைவை எப்படி ஆயுதமாக்கலாம் என்பது 2025-இல் தெரிந்தது. நியூ ஜெர்சி எதிரே அட்லாண்டிக் ஷோர்ஸ் திட்டத்துக்கு 2024 இலையுதிர் காலத்தில் இ.பி.ஏ. காற்று அனுமதி கொடுத்திருந்தது. கரையோர மக்கள் அமைப்பு ஒன்று மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போனது. 2025 ஜனவரி 20-இல் பதவியேற்ற அன்றே டிரம்ப், கடல் காற்றாலைகளுக்குப் புது அனுமதிகளை நிறுத்தச் சொல்லி உத்தரவிட்டார். அதன்பின் இ.பி.ஏ.வே வாரியத்திடம் போய், நாங்கள் கொடுத்த அனுமதியைத் திருப்பிக் கொடுங்கள், மறுபடி யோசிக்கிறோம் என்றது. மார்ச் 14-இல் வாரியம் சம்மதித்தது. 2010-இல் இன்யூபியாட் மக்கள் வென்ற அதே வாரியம், அதே சொல், ‘திருப்பி அனுப்புகிறோம்’. அங்கே அனுமதியில் இருந்த பிழை இன்னது என்று பக்கம் பக்கமாக எழுதித் திருப்பினார்கள். இங்கே கொடுத்தவரே வேண்டாம் என்று கேட்டதால் திருப்பினார்கள். ஓசோன் எவ்வளவு, டன் எவ்வளவு என்ற கேள்விக்கே வேலை வரவில்லை.

கடைசியாக, தொடங்கின கப்பலுக்கு ஒரு பின்கதை இருக்கிறது. ஹோண்டோவும் அதன் சகோதர மேடைகளும் 2015 மே மாதம் மூடப்பட்டன. கரையில் எண்ணெய் கொண்டுபோன குழாய் ரெஃபூஜியோ கடற்கரை அருகே வெடித்ததுதான் காரணம். 2024-இல் சேபிள் ஆஃப்ஷோர் என்ற கம்பெனி எல்லாவற்றையும் எக்ஸானிடமிருந்து வாங்கியது. அடுத்த ஆண்டு மேடையில் உற்பத்தி தொடங்கியது, ஆனால் குழாயைத் திறப்பதில் மாநில அமைப்புகளோடு தகராறு, வழக்கு, கடற்கரை ஆணையத்தின் அபராதம். 2025-இலேயே சேபிள் மாற்றுத் திட்டம் ஒன்றை அறிவித்தது. குழாய் வேண்டாம், கரை வேண்டாம், மத்திய அரசின் கடலில் ஒரு சுத்திகரிப்புக் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்துகிறோம், 1981 முதல் 1994 வரை இங்கே அப்படித்தான் நடந்தது என்று.

நாற்பத்திச் சொச்சம் ஆண்டு கழித்து அதே கால்வாய், அதே எண்ணெய், அதே காரணம். ஒன்றுதான் வேறு. அன்று கோடு 3 மைலில் இருந்தது. இன்று காற்றுக்கான கோடு அதற்கு மேலும் 25 மைல் தள்ளி இருக்கிறது. அந்தக் கப்பல் வந்து முதல் நங்கூரத்தை இறக்கினால், 328-ஆம் பிரிவை மறுபடி யாரும் பட்ஜெட் கட்டுக்குள் வைத்து மாற்றாத வரை, விண்ணப்பம் போய்ச் சேர வேண்டிய மேஜை சாண்டா பார்பரா கவுன்ட்டியின் காற்று மாவட்ட அலுவலகத்தில் இருக்கிறது.